புள்ளி இல்லாத பக்கம்

தனத்துக்கும் மணிக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் தனம் இங்கிலீஷ் பாடத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். "புரிஞ்சுதா கண்ணு?" என்றேன். "புரிஞ்சுதுப்பா" என்றாள். "புரிஞ்சுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தீர்கள். "வேலையை விட்டு நின்னதுல இருந்து அப்பா இப்படித்தான்" என்று மணி உங்கள் அம்மாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் ஒருவர் செத்துப்போனார். அதே பக்கத்தில், அதே வரியில் நானும் போய் நின்றேன். இத்தனை வருடமாக உங்களிடம் அதைச் சொன்னதில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், என் இருபத்தாறாவது வயதில், நொய்யல் பக்கம் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். அதற்கு முன்பு குண்டடத்திலிருந்து வந்து ஆறு வருடம் லேத் பட்டறையில் இருந்தேன். மோட்டார் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் காகிதம், எண்ணெய் டின்னில் அச்சடித்திருப்பது, இவற்றை எழுத்துக் கூட்டிப் படித்துச் சேர்த்த இங்கிலீஷ்தான் என்னுடையது. பேச வராது. படித்தால் பாதி புரியும். அந்தப் பாதியை நம்பித்தான் என்னை எடுத்தார்கள்.

அந்தக் கம்பெனியில் ஒரு இரும்புக் கொப்பரை இருந்தது. சீமையிலிருந்து வந்தது. ஆளைப்போல் ஒன்றரை மடங்கு உயரம். நிட்டிங் மெஷினிலிருந்து வரும் துணி பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதை உள்ளே அடுக்கி, காஸ்டிக் சோடாத் தண்ணீர் விட்டு, மூடியைப் பன்னிரண்டு நட்டுப் போட்டு இறுக்கி, ஸ்டீம் விட்டு அவிப்போம். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று காட்ட வெளியே ஒரு கேஜ் இருக்கும். அவிந்து முடிந்ததும் ஸ்டீமை வெளியே விட்டு, அழுத்தம் முழுதும் போன பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மிச்சம் இருக்கும்போது நட்டைத் தளர்த்தினால் காரத் தண்ணீர் கொதித்தபடி மேலே வரும்.

எனக்கு முன்னால் கொப்பரையைப் பார்த்துக்கொண்ட பொன்னுச்சாமி அப்படித்தான் போனார். நான் சேர்வதற்கு நான்கு மாதம் முன்பு. அவர் முகம் எனக்குத் தெரியாது. ஒரு போட்டோகூடப் பார்த்ததில்லை. அவர் மனைவி ரங்கம்மாள் அதே கம்பெனியில் துணி மடிக்கும் அறையில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அவசரப்பட்டுத் திறந்துவிட்டார் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். ரங்கம்மாள் காதுபடவே பேசினார்கள்.

அதற்குப் பிறகு அவிக்கும் அறையின் பொறுப்பில் இருந்த சென்னியப்ப மேஸ்திரி யாரையும் மூடி பக்கம் விடவில்லை. ஒரு முழு நாள் ஆறவிட்டு, மறுநாள் தானே கை வைத்துப் பார்த்துத்தான் திறப்பார். வேலை பாதியாகக் குறைந்தது. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொப்பரை செஞ்சவன் இங்கிலீஷ்ல புத்தகம் போட்டுக் குடுத்திருக்கறான். படிக்கற ஆளை வெச்சு, அதும்படி எப்பத் தொறக்கலாமுன்னு கேட்டுப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். கணக்குப்பிள்ளை முன்பே ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு, விளங்கவில்லை என்று விட்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், கொப்பரை தெரியாது. எனக்கு இரண்டும் பாதிப் பாதி தெரியும். ஆக, என் வேலை இதுதான்: புத்தகத்தைப் படித்து, மூடியை எப்போது திறக்கலாம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நானும், கொப்பரையில் துணி அள்ளிப் போடும் காளியும், இன்னொருவரும் ஸ்பேனரோடு மேலே ஏற வேண்டும்.

புத்தகம் பொன்னுச்சாமியின் தகரப் பெட்டியில் இருந்தது. நீராவி பட்டுப் பட்டுத் தாள்கள் அலை அலையாக நெளிந்திருந்தன. முதல் பக்கத்தைத் திறந்ததும் ஓரத்தில் பென்சில் புள்ளிகளைப் பார்த்தேன். முதலில் அழுக்கு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், தெரியாத வார்த்தை உள்ள வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. தெரியாவிட்டாலும் முன்னும் பின்னும் பார்த்து இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்த இடத்தில் இரண்டு புள்ளி. தாண்டிப் போய்விட்டு, மேலே படித்ததும் சந்தேகம் வந்து திரும்பி வந்த இடத்தில் மூன்று. முழுதும் விளங்கிய பத்திக்கு ஒரு டிக். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. பத்துப் பக்கம் படிப்பதற்குள் எனக்கே தெரிந்தது. ரொம்ப நேரம் திகைத்த இடங்களில் பென்சில் முனை அங்கேயே சுழன்று தாள் குழிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் அவர் எங்கே தடுமாறினார் என்று தெரியும்.

அடுத்தவர் சாப்பிட்ட தட்டில் சாப்பிடுவதுபோல் முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தப் புள்ளிகளால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அதுவரை தெரியாத வார்த்தை வந்தால் அப்படியே விழுங்கிவிட்டுப் போவேன். இப்போது நின்றேன். இது எனக்குத் தெரியுமா, தெரிந்த மாதிரி இருக்கிறதா என்று என்னையே கேட்டேன். ஊகித்தால், ஊகித்தேன் என்று குறித்து வைத்தேன். கொப்பரைக்கு எழுந்து போய், புத்தகம் சொல்லும் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து திரும்பப் படித்தேன்.

ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. இவர் புள்ளியைப் பார்த்து நிற்கிறேனா, நானாக நிற்கிறேனா? புதுப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போதே ஓரத்தை ஒரு காகிதத் துண்டால் மறைத்தேன். என் புள்ளிகளை அந்தத் துண்டில் வைத்துக்கொண்டே படித்தேன். முடித்ததும் துண்டைப் பக்கத்தில் நகர்த்தி ஒப்பிட்டேன். இருபத்தொரு புள்ளியில் பதினெட்டு அவர் வைத்த இடத்திலேயே விழுந்திருந்தன. அவரும் நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான், ஒரே மாதிரி தடுக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பதினெட்டில் மூன்று இடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தைகள்தான் இருந்தன. அங்கே நான் ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. நடுப்பகலில் அவிக்கும் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அங்கே பகலிலும் வெளிச்சம் கலங்கலாகத்தான் இருக்கும். வெண்மூட்டத்துக்குள் ஆட்களின் காலும் தலையும் தனித்தனியாகத் தெரியும். பக்கத்தில் துணி அள்ளிக்கொண்டிருந்த காளி அப்படியே நின்றான்.

"ஏனுங்கண்ணா, அதை ஆரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"எதைக் காளி?"

"பென்சிலை ரெண்டு வாட்டி தட்டறீங்களே, டொக்கு டொக்குன்னு. அவரு அப்படித்தானுங்க தட்டுவாரு. வார்த்தை தெரியலீன்னா ரெண்டு தட்டு."

நான் என் கையைப் பார்த்தேன். தட்டியது எனக்குத் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு போங்க. புத்தகத்துக்கு ஒரு பொங்கலை வெச்சிருவோம்" என்று காளி சிரித்தான். சிரித்தானே தவிர, அதற்கப்புறம் என் முதுகுக்குப் பின்னால் போகும்போது சுற்றிக்கொண்டு போனான். மடிப்பு அறை வாசலில் ரங்கம்மாள் கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டார்.

சென்னியப்ப மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது வயது இருக்கும். இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. தமிழிலும் கையெழுத்து மட்டும்தான். ஆனால் நான் படிக்கும் நேரம் பார்த்து, எதிரில் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வெற்றிலையை மென்றபடி என் முகத்தையே பார்ப்பார். புத்தகத்தைப் பார்க்கவே மாட்டார். நான் ஒரு பக்கம் முடித்ததும், "மூடிட்டுச் சொல்லுங்க தம்பி" என்பார். புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னதும் ஒரே கேள்வி: "இதுல உங்களுக்கு எங்க சந்தேகம்?" சந்தேகம் இல்லை என்றால் நம்ப மாட்டார்.

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதுங்களே, நான் செரியாச் சொல்றனா இல்லையான்னு எப்படீங்க கண்டுபுடிக்கறீங்க?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"கண்ணைப் பாத்தாத் தெரியுமுங்க. புரிஞ்சு படிக்கறவனுக்குக் கண்ணு சித்தெ தூரம் போயிட்டுத் திரும்பி வரும். மறுபடி போவும். திரும்பி வராத கண்ணு சும்மா ஓடுதுன்னு அர்த்தம்."

"பொன்னுச்சாமி அண்ணனையும் இப்படித்தான் பாத்தீங்களா?"

அவர் எழுந்து போய் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "அவனைப் பாத்தப்ப இதெல்லாம் எனக்குத் தோணலீங்க தம்பி. சும்மாதான் பாத்தேன். அவன் போன பொறவு, படிச்ச அன்னைக்கு அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். அதான் இப்ப உங்களைப் பாக்கறேன்."

மூடி திறப்பதைப் பற்றிய பக்கத்துக்கு நான் இரண்டு மாதம் கழித்து வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வேளை. கொப்பரையில் துணி அவிந்துகொண்டிருந்தது. அன்று நான் படித்துச் சொன்னால் அன்றே திறந்துபார்ப்பதாக ஏற்பாடு. அத்தனை நாள் மலைபோல் நினைத்திருந்த பக்கம் அது. படித்தால் தண்ணீர் மாதிரி ஓடியது. வால்வு, கேஜ், முள், மூடி, நட்டு, எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகள். ஸ்டீமை வெளியே விடு. கேஜ் முள் அடியில் வந்து நிற்கட்டும். எதிரெதிர் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்து. கடைசி வரி பக்கத்தின் அடியில் முற்றுப்புள்ளியோடு முடிந்தது. எதிர்ப்பக்கத்தில் மூடியின் படம். படித்து முடித்ததும் பென்சிலை எடுத்து டிக் போட்டேன்.

"அப்படியே இருங்க தம்பி" என்றார் மேஸ்திரி.

குரல் மாறியிருந்தது. வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"நீங்களுஞ் சிரிக்கறீங்க."

"நானா? இல்லீங்களே."

"சிரிச்சீங்க. கண்ணு ஒருக்காவும் திரும்பி வரலை. அவனும் இந்த மூடி விசயத்தைப் படிச்ச அன்னைக்கு இந்த மாதிரிதான், இங்கதான் உக்காந்து, படிச்சுட்டு மூஞ்சியெல்லாம் சிரிப்பா, 'இது சுளுவு மாமா'ன்னான்."

நான் குனிந்து பார்த்தேன். என் டிக் ஏற்கெனவே இருந்த ஒரு டிக்கின் மேல் விழுந்திருந்தது. ஒட்டி அல்ல, மேலேயே. இரண்டும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிந்தன. அந்தப் பக்கத்தில் அவர் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. 

பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும் படம். நட்டு, வாஷர், குழாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். படம் வந்தால் பாடம் முடிந்தது என்றுதான் நமக்குப் பழக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்னும் ஒரு தாளைப் புரட்டினேன்.

அங்கே எழுத்து இருந்தது. மூடியைப் பற்றியதேதான். அடர்த்தியான எழுத்து, நீளமான வார்த்தைகள். எனக்கு முதல் வரியே தடுக்கியது. ஓரத்தைப் பார்த்தேன், வழக்கம்போல அவர் எங்கே நின்றார் என்று. ஒன்றும் இல்லை. ஒரு புள்ளி இல்லை, டிக் இல்லை, விரல் அழுக்குகூட இல்லை. தாள் வெள்ளையாக இருந்தது. இரண்டு மாதமாக ஒவ்வொரு வரியிலும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஆள் திடீரென்று எழுந்து போய்விட்டது போல் இருந்தது. இவ்வளவு கஷ்டமான பக்கத்தில் அவர் தடுக்காமல் போயிருக்கவே முடியாது. அவர் இங்கே வரவே இல்லை.

அந்தப் பக்கத்தைத் தனியாகப் படிக்க எனக்கு மத்தியானம் ஆயிற்று. டிக்ஷனரியில் பார்த்தேன். அதில் அகப்படாததைத் தள்ளிவிட்டு மேலே போனேன், திரும்பி வந்தேன். மேஸ்திரி சாப்பிடப் போகவில்லை. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னேன். கேஜ் முள் அடியில் நின்றால் மட்டும் போதாது. கேஜும் ஸ்டீமை வெளியே விடும் வால்வும் ஒரே குழாயில்தான் இருக்கின்றன. அதன் வாயைப் பஞ்சுத் தூசி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் இருந்தாலும் வால்வில் ஸ்டீம் நின்றுவிடும், முள்ளும் கீழே வந்துவிடும். மூடியின் மேல் ஒரு சின்னத் திருகு உண்டு, அதைத் திறந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் நீராவி வந்து தானாக அடங்கினால் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால், அப்போதுதான் பயப்பட வேண்டும். அதுவும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

"இதுல உங்களுக்கு எங்க சந்தேகம்?"

"மூணு வார்த்தைங்க. அதுல ஒண்ணு ஊகம்தானுங்க."

"செரி. வாங்க போவோம்" என்று எழுந்தார்.

நானும் மேஸ்திரியும் காளியும் இன்னொருவரும் மேலே ஏறிப் பார்த்தோம். மூடியில் அந்தத் திருகு இருந்தது. கம்பெனியில் பூசியிருந்த பச்சைப் பெயிண்ட் அதன் இடுக்குகளில் விரிசல் இல்லாமல் அப்படியே இருந்தது. கொப்பரை வந்த நாளிலிருந்து யாரும் அதைத் திருப்பியதில்லை. பொன்னுச்சாமி இரண்டு வருடம் கேஜை மட்டும் நம்பித் திறந்திருக்கிறார். அத்தனை நாளும் குழாய் அடைக்காமல் இருந்திருக்கிறது, அவர் போன அன்றுதான் அடைத்திருக்கிறது.

வெளியே விடும் வால்வைத் திறந்தோம். அது சீறி, மெலிந்து, நின்றது. கேஜ் முள் இறங்கி அடியில் நின்றது. காளி ஸ்பேனரை நட்டில் மாட்டினான்.

"முள்ளு வந்திருச்சுங்கண்ணா."

"கையை எடு காளி."

பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் திருகைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சத்தமில்லை, ஈரம்கூட இல்லை. நான்கு பேரும் அந்தச் சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே நிட்டிங் மெஷின்கள் ஓடும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

"அதான் ஒண்ணுமே வரலியேங்க. அப்பறம் என்னத்துக்குங்கண்ணா நிக்கறோம்?" என்றான் காளி. என் மனதும் அதையேதான் சொன்னது. ஒன்றும் இல்லை என்று பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. காலையில் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தபோது வந்த அதே நிம்மதி. அதை அடையாளம் கண்டுகொண்டதும் திருகிலிருந்து கையை எடுத்தேன்.

"ரெண்டு பேரும் கீழ எறங்குங்க" என்றேன்.

காளியும் மற்ற ஆளும் இறங்கினார்கள். மேஸ்திரி இறங்கவில்லை. நான் ஒரு முழ நீளக் கம்பியின் நுனியை வளைத்து, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, எட்டி நின்று ஓட்டைக்குள் விட்டுக் குத்தினேன். நான்காவது குத்தில் கம்பி என் கையை விட்டுப் பறந்தது. ஓட்டையிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. மனுஷக் குரல் இல்லைதான். ஆனால் கம்பெனியில் எல்லா மெஷினும் நின்றது. வெள்ளையாக ஒரு கம்பம் கூரையில் போய் முட்டி விரிந்தது. கேஜ் முள் மட்டும் அசையாமல் அடியிலேயே இருந்தது. மேஸ்திரி அதைக் கையால் காட்டினார். பேசினால் கேட்காது. அந்தக் கத்தல் அடங்குவதற்குள் அவர் இரண்டு வெற்றிலை போட்டார். 

கீழே இறங்கியபோது காளி சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். ஸ்பேனரை இன்னும் கையில் பிடித்திருந்தான். வாசலில் ரங்கம்மாள் நின்றிருந்தார். மற்றவர்கள் மெஷினுக்குத் திரும்பிய பிறகு அவர் மட்டும் உள்ளே வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும். அவரு தப்பாப் படிச்சுட்டாரு, அவசரப்பட்டுட்டாருன்னு சொல்றாங்க. நெசமுங்களா?"

"தப்பாப் படிக்கலீங்கக்கா. அவசரமும் படலீங்க. படிச்ச வரைக்கும் ஒரு எழுத்துத் தப்பில்லீங்க."

"அப்பறம்?"

நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். புள்ளிகளைக் காட்டினேன். அவர் படிக்கத் தெரியாதவர். ஆனால் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். குழிந்திருந்த இடங்களில் விரல் நின்றது. டிக் போட்ட பக்கம் வந்தது. இரண்டு படங்களையும் தாண்டினேன். வெள்ளைப் பக்கத்தில் விரலை வைத்துத் தேடினார். மேலிருந்து கீழே ஒரு முறை. திரும்பவும் ஒரு முறை.

"இந்தப் பக்கத்துல அவரு இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா."

"ரெண்டு படத்தைத் தாண்டி அக்கட்டால" என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல. பிறகு முந்தானையால் அந்தத் தாளை ஒரு தரம் துடைத்தார், அதில் அழுக்கே இல்லை என்றாலும். புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று அரை நாள் லீவு கேட்டார் என்று பிறகு தெரிந்தது. அவசரப்பட்டார் என்ற பேச்சை மேஸ்திரி அதற்குப் பிறகு கம்பெனியில் யார் வாயிலும் வரவிடவில்லை.

தனம், மணி, அதற்குப் பின்னால் பத்துப் பதினைந்து வருடம் நான் அந்தக் கொப்பரையைத் திறந்தேன். புது மெஷின்கள் வந்தன. அவற்றோடு புத்தகங்கள் வந்தன. படித்து எழுதி வைத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கஷ்டமான பக்கம் எனக்குப் பயமே தரவில்லை. அது தானாகவே நம்மை நிறுத்திவிடும். எப்போதாவது ஒரு பக்கம் சுளுவாக ஓடினால்தான் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இன்னும் இரண்டு தாள் புரட்டிப் பார்ப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் கை கழுவப் போன பிறகு நான் அவிக்கும் அறையில் தனியாக இருந்தேன். தகரப் பெட்டியின் அடியில் அவருடைய கட்டைப் பென்சில் கிடந்தது. அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. எடுத்து அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்தேன். எனக்கு அதில் மூன்று சந்தேகம்தான். ஆனால் நான் எனக்காகப் படிக்கவில்லை. இரண்டு மாதம் அவரோடு படித்திருக்கிறேன், அவருக்கு எங்கே தடுக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வரியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒரு புள்ளி வைத்தேன். மூன்றாவது வரியில் இரண்டு. பஞ்சுத் தூசி வரும் இடத்தில், அவர் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கக்கூடிய இடத்தில், மூன்று. அப்படியே கடைசி வரி வரைக்கும், அவசரப்படாமல் வைத்துக்கொண்டு வந்தேன்.